எழுத்துக் கூலியும் எழுத்து இலட்சியமும்
கட்டிளமைப் பருவத்தினருக்கான நாவலாசிரியை லூயிசா மே அல்கொற் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கட்டிளமைப் பருவத்தினருக்கென எழுதப்படும் நாவல்களை இலக்கிய வரலாற்றின் வாசற்படிக்கு வெளியே நிறுத்திவைக்கும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. பல்கலைக்கழகப் பாடநெறிகளில் அவற்றுக்கு இடமில்லை. முற்போக்குத் திறனாய்வாளரும் அவற்றை ஒன்றில் நீதிபோதனைக் கதைகள் என்றோ அல்லது நூல் வணிகத்தின் சரக்குகள் என்றோ ஒதுக்கிவிடுகின்றனர். இந்த ஒதுக்கலால் ஒரு முக்கியமான வினா எழுப்பப்படாமலே போய்விடுகிறது. தனக்கெனச் சில குறிக்கோள்களை வகுத்துக்கொண்டு எழுதப் புகும் ஒருவர், சந்தை கேட்டபடி இளம் வாசகருக்கு எழுதும் நாவலாசிரியராக மாறும்பொழுது, அக்குறிக்கோள்களுக்கு என்ன நேருகிறது? 'சிறிய பெண்கள்' என்ற நாவலை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே அல்கொற்றின் (1832–1888) வாழ்வும் எழுத்தும் இவ்வினாவை ஆராய்வதற்கு வாய்ப்பான களமாகும். அவர் தம் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும், அவற்றோடு ஆண்டுதோறும் எழுத்தாலும் தையலாலும் கற்பித்தலாலும் ஈட்டிய தொகைகளின் கணக்குகளையும் விட்டுச்சென்றுள்ளார். இலக்கிய வரலாற்றாசிரியருக்கு இத்தகைய கணக்கேடு கிடைப்பது அரிது.

அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய பலர் அதை உழைத்தால் உயரலாம் என்பதற்கு உதாரணமாகவே எடுத்துக்காட்டியுள்ளனர். வறுமையில் பிறந்தார், விடாது முயன்றார், வென்றார் என்ற அளவில் கதை முடிந்துவிடுகிறது. குறிக்கோள் என்பது தனிமனித உள்ளத்தில் தானாகவே முளைக்கும் ஒன்றாக இக்கதையிற் கொள்ளப்படுகிறது. ஆயின் அல்கொற்றின் குறிக்கோள்கள் எவை என்று நோக்குவோமாயின் அவை ஒன்றோடொன்று பிணைந்தும் முரண்பட்டும் கிடப்பதைக் காணலாம். குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்கவேண்டும் என்பது சிறுமிப் பருவத்திலேயே அவர் செய்துகொண்ட சங்கற்பம். யாருடைய தயவிலும் வாழாத பெண்ணாக இருக்கவேண்டும் என்பது அதனை ஒட்டி வளர்ந்தது. மனித உணர்ச்சிகளின் ஆழங்களைக் காட்டும் நாவலைப் பெரியோருக்கு எழுதவேண்டும் என்பது இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட ஆசை. இளம் பெண்களுக்கான நாவலை எழுதவேண்டும் என்பது அவரது பட்டியலில் ஒருபொழுதும் இருந்ததில்லை.

இக்குறிக்கோள்களின் ஊற்றுக்கண்ணைத் தேடின், அவரது தந்தை புறொன்சன் அல்கொற்றிலிருந்து தொடங்கவேண்டும். முறையான கல்வி அதிகம் பெறாத கமக்காரக் குடும்பத்துப் பிள்ளையான அவர், எமேர்சன், தோறோ முதலியோரோடு சேர்த்து எண்ணப்படும் கருத்துமுதல்வாதச் சிந்தனையாளராக உயர்ந்தார். 1834ஆம் ஆண்டில் பொஸ்ரனில் அவர் தொடங்கிய பாடசாலையில் பிள்ளைகளோடு உரையாடிக் கற்பிக்கும் முறை பின்பற்றப்பட்டது. கல்வி வரலாற்றில் அது மதிப்புக்குரிய முயற்சியே. ஆனால் விவிலியம் பற்றிய அவ்வுரையாடல்களை அவர் நூலாக வெளியிட்டபொழுது பொஸ்ரனின் கண்ணியவான்கள் அதிர்ச்சியுற்றுப் பிள்ளைகளை விலக்கிக்கொண்டனர். பின்னர் 1839இல், தம் சிறு பாடசாலையில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்துக்கொண்டு, அவளை நீக்க மறுத்தமையால் எஞ்சியிருந்த மாணவரையும் இழந்தார். கொள்கைக்காக வருவாயை இழந்த மனிதரை நாம் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும், அதன்பின் அவர் குடும்பத்திற்கு வேண்டிய வருவாயைத் தேடும் பொறுப்பைப் பெரும்பாலும் பிறரிடம் விட்டுவிட்டார் என்பதும் வரலாறே.

1843ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அவரும் சாள்ஸ் லேன் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஹார்வர்ட் கிராமத்தில் 'புறூட்லான்ட்ஸ்' எனும் பொதுவுடைமைப் பண்ணையை அமைத்தனர். காணி வாங்குவதற்கான பணம் லேனுடையது. பத்துப் பன்னிரண்டு பேர் அங்கு கூடினர். விலங்குணவும் பாலும் விலக்கப்பட்டன; அடிமைகளின் உழைப்பால் விளைந்தது என்பதால் பருத்தி உடையும் விலக்கப்பட்டது. மாடுகளைக்கூட வருத்தலாகாது என்பது கொள்கை. அக்காலத்து அமெரிக்காவில் தோன்றிய புறூக் பாம் முதலிய குடியிருப்புகளோடு இதனையும் கற்பனா சோசலிச முயற்சிகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். உற்பத்திச் சக்திகளின் நிலையையும் வர்க்கப் போராட்டத்தையும் கணக்கிலெடாது, நல்ல மனிதர் சிலர் கூடினால் நல்ல சமுதாயம் பிறந்துவிடும் என நம்பிய அம்முயற்சிகளின் வரம்பை எங்கெல்ஸ் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆனால் எங்கெல்சின் விளக்கத்தோடு பத்து வயதுச் சிறுமியாக அங்கு வாழ்ந்த லூயிசாவின் சாட்சியத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும் என்பது எமது கருத்து. முப்பது ஆண்டுகளின் பின்னர், 1873இல், அவர் அவ்வனுபவத்தை அங்கதச் சித்திரமாக எழுதினார். தத்துவவாதிகள் பிரசாரத்திற்காகப் புறப்பட்டுச் சென்றுவிட, வெட்டிப் போட்ட பார்லி கதிர்களை மழைக்கு முன் தாயும் பிள்ளைகளும் கூடைகளிலும் துணிகளிலும் அள்ளி வீடு சேர்க்கும் காட்சி அதில் வருகிறது. புதிய சமுதாயத்தில் உடைமை ஒழிந்திருந்தது. சமையலும் சலவையும் விளக்கேற்றலும் ஒரு பெண்ணின் தலையில் அப்படியே இருந்தன. 1844 சனவரியில் பண்ணை கலைந்தது.

இலட்சியவாதிகளான ஆண்களின் இலட்சியங்களுக்கு வீட்டிலுள்ள பெண்களின் கூலியில்லா உழைப்பே மூலதனமாக அமைந்த கதை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. இயக்கங்களின் வரலாற்றை எழுதும் நாம், கூட்டங்களுக்கு யார் தேநீர் தயாரித்தார் என்பதை எழுதுவதில்லை.

தாய் அபிகெயில் மே பொஸ்ரனின் பழைய குடும்பமொன்றைச் சேர்ந்தவர். 1840களின் இறுதியில் அவர் பொஸ்ரனில் ஏழைகளுக்கு உதவி வழங்கும் பணியிற் கூலிக்கு அமர்ந்தார். பின்னர் வீட்டுவேலைக்கு ஆள்சேர்க்கும் அலுவலகமொன்றையும் நடத்தினார். மூத்த மகள்மார் இருவரும் கற்பித்தனர், தைத்தனர். லூயிசா 1851இல் டெடம் எனும் ஊரில் ஒரு வீட்டிற்குத் தோழிப்பெண்ணாகச் சென்று, உண்மையில் வேலைக்காரியாக ஏழு வாரம் உழைத்துப் பெற்ற கூலி 4 டொலர். இவ்வனுபவத்தையும் பிற்காலத்தில் எழுதி அவர் பணமாக்கினார். மத்தியதர வர்க்கத்தின் பண்பாடும் நூற்பயிற்சியும் உண்டு. உழைக்கும் வர்க்கத்தின் பணப்பற்றாக்குறையும் உண்டு. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலிருந்த ஒரு குடும்பத்தில், எழுதத் தெரிந்த பெண்ணொருத்திக்கு எழுத்து ஒரே வேளையில் கலையாகவும் கைத்தொழிலாகவும் தோன்றியதில் வியப்பில்லை. குறிக்கோள் அவருடையதே, அக்குறிக்கோளைக் கொள்ள வைத்த நிலைமைகள் அவரால் ஆக்கப்பட்டவையல்ல.

பொஸ்ரன் என்ற பெயர் ஈழத்து வாசகர்க்கு அந்நியமானதன்று. 1816 முதல் யாழ்ப்பாணத்திற் பணியாற்றி, வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் கல்விக்கூடங்களை நிறுவிய அமெரிக்க மிஷன், அந்நகரத்துச் சங்கமொன்றால் அனுப்பப்பட்டதாகும். அல்கொற் குடும்பம் சார்ந்திருந்த தாராள சமயச் சூழல், மிஷனரிகளை அனுப்பிய வைதிக சபையோடு பிணங்கியது என்பதை மறத்தலாகாது. ஆயினும் கல்வி, அச்சு, ஒழுக்கம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கருதும் மனோபாவம் இரு சாராருக்கும் பொதுவானது. நீராவி அச்சியந்திரங்களும் புகையிரதப் பாதைகளும் அம்மனோபாவத்திற்கு ஒரு பரந்த சந்தையை வழங்கின.

அச்சந்தையில் கட்டிளமைப் பருவத்தினர் தனி வாசகராகப் பிரிந்துவந்தமை தனியே ஆராயத்தக்கது. கட்டிளமைப் பருவம் என்ற கருத்தை உளவியல் ஒரு பெரும் நூலாக வகுத்தது 1904ஆம் ஆண்டிலேயே. ஸ்ரான்லி ஹோலின் நூலை இங்கு கருதுகிறோம். ஆனால் நூல் வெளியீட்டாளர் அறிவியலுக்காகக் காத்திருக்கவில்லை. ஆலைகளிற் பன்னிரண்டு மணி நேரம் உழைத்த பிள்ளைக்கு இடைப்பட்ட பருவம் என்று ஒன்று கிடையாது. அது குழந்தையாயிருந்து நேரே தொழிலாளியாகியது. பதினான்கு வயதிலும் பாடசாலைக்குச் செல்லவும், மாலையில் நூல் வாசிக்கவும், அந்நூலைத் தந்தையின் காசில் வாங்கவும் இயன்ற பிள்ளைகளை மத்தியதர வர்க்கமே உருவாக்கியது. 'ஒலிவர் ஒப்ரிக்' என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் ரெய்லர் அடம்ஸின் சாகசக் கதைகள் பையன்களிடையே பெருந்தொகையாக விற்பனையாயின. தெருவிலே சப்பாத்துத் துடைக்கும் பையன் நேர்மையாலும் அதிர்ஷ்டத்தாலும் உயர்வதைக் கூறும் ஹொரேஷியோ அல்ஜரின் முதல் வெற்றி நாவல் நூலுருப் பெற்றதும் 1868ஆம் ஆண்டிலேயே. பையன்களுக்கு உலகம் விற்கப்பட்டது. பெண்பிள்ளைகளுக்கு எதை விற்பது என்பது அப்பொழுது விடைகாணப்படாத வணிகப் பிரச்சினையாயிருந்தது.

அல்கொற் அச்சந்தைக்கு வருமுன் வேறு சந்தைகளில் உழைத்துப் பழகியிருந்தார். 1854இன் இறுதியில் வெளிவந்த முதல் நூலான தேவதைக் கதைத் தொகுதி அவருக்கு முப்பது டொலர் அளவிலேயே தந்தது. 1862இல் சிறுவர் பாடசாலை தொடங்குவதற்கெனப் பதிப்பாளர் ஜேம்ஸ் பீல்ட்ஸ் 40 டொலரைக் கடனாகக் கொடுத்தார். எழுத்து அவருக்கு வராது, கற்பித்தலோடு நிற்பதே நன்று என்ற புத்திமதியையும் கூடவே வழங்கினார். பிற்காலத்திற் புகழ்பெற்றபின் அல்கொற் அந்த 40 டொலரைத் திருப்பிக் கொடுத்தார் என்பது பலரும் விரும்பிக் கூறும் செய்தி. புத்திமதியை அவர் எழுத்துமூலமே திருப்பிவிட்டார்.

1863இல் பிறாங்க் லெஸ்லியின் வாரப் பத்திரிகை நடத்திய போட்டியொன்றில் அவரது கதைக்கு 100 டொலர் பரிசு கிடைத்தது. பழிவாங்கும் பெண்ணொருத்தியின் கதை அது. அதனைத் தொடர்ந்து பெயரின்றியும், 'ஏ. எம். பானாட்' என்ற புனைபெயரிலும் அவர் பல பரபரப்புக் கதைகளை எழுதினார். வஞ்சம், மாறுவேடம், போதைப்பொருள், சித்தப்பிரமை என்பன அவற்றின் பொருள்கள். 1866இல் வந்த 'முகமூடியின் பின்னால்' என்ற குறுநாவலில், முப்பது வயது நடிகையொருத்தி பத்தொன்பது வயதுப் பேதைப் பெண்ணாக வேடமிட்டுச் செல்வக் குடும்பமொன்றிற் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியையாகப் புகுகிறாள். கடைசியில் அக்குடும்பத்தின் பட்டத்தையும் சொத்தையும் உரிய முதியவரை மணந்துவிடுகிறாள். அடக்கமும் பணிவும் பெண்ணின் இயல்பு அல்ல, சந்தையில் வேலை பெறுவதற்காக அவள் அணியும் உடை என்பதை இக்கதை எவ்வித நீதிபோதனையுமின்றிக் காட்டிவிடுகிறது. அந்த அளவில் அது கூர்மையான வர்க்கப் பார்வை கொண்ட படைப்பு எனத் துணிந்து கூறலாம்.

இவ்வெழுத்துகளின் ஆசிரியர் யாரென்பது 1943இல் லியோனா றொஸ்ரென்பேக்கின் கட்டுரையால் தெரியவந்தது. 1975இல் மாட்லீன் ஸ்ரேண் அவற்றுட் சிலவற்றைத் தொகுத்து வெளியிட்டபின், உண்மையான அல்கொற் இவரே, இளையோர் நாவல்களை எழுதியவர் வெறும் முகமூடி என்று வாதிடும் போக்கு ஒன்று தோன்றியது. இவ்வாதத்தோடு நாம் உடன்படுவதற்கில்லை. பரபரப்புக் கதையும் ஒரு பண்டமே. அதன் நீளமும் திருப்பங்களும் வாரப் பத்திரிகையின் தேவையால் நிர்ணயிக்கப்பட்டவையே. ஒரு சந்தைக்காக எழுதியதை ஆன்மாவின் குரல் என்றும், இன்னொரு சந்தைக்காக எழுதியதைப் பொய் என்றும் பிரிப்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை. உண்மையான அல்கொற்றை இரண்டில் ஒன்றிலே தேடுவதை விடுத்து, இரண்டுக்குமிடையே அவர் அலைந்த அலைவில் தேடுவதே பொருத்தமானது.

உள்நாட்டுப் போர் அவரை வேறொரு திசைக்கு இட்டுச்சென்றது. குடும்பம் முழுவதும் அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்தைச் சார்ந்தது. 1859இல் தூக்கிலிடப்பட்ட ஜோன் பிறவுணின் மகள்மார் சில காலம் கொன்கோட்டில் இவர்கள் வீட்டில் தங்கியிருந்தனர். 1862 டிசம்பரில் லூயிசா வாஷிங்டனின் ஜோர்ஜ்ரவுண் பகுதியிலிருந்த இராணுவ மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்தார். ஆறு வாரமளவில் நெருப்புக்காய்ச்சல் கண்டு, பாதரசம் கலந்த மருந்து கொடுக்கப்பட்டு, வீட்டிற்குக் கொண்டுவரப்பட்டார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் தம்மை வாட்டிய நோய்களுக்கு அம்மருந்தே காரணம் என அவர் நம்பினார். அந்த ஆறு வாரம் தந்த கடிதங்களிலிருந்து 'மருத்துவமனைச் சித்திரங்கள்' (1863) பிறந்தது. வாசகர் முதன்முதலில் அவரைக் கவனித்தது அந்நூலாலேயே. அதே ஆண்டில், அடிமையாயிருந்த கலப்பினத்தவர் ஒருவரை வெள்ளைப் பெண் மணக்கும் கதையையும் அவர் வெளியிட்டார். மதிப்புமிக்க சஞ்சிகையொன்று முன்னரே அதனை ஏற்க மறுத்திருந்தது.

இக்காலத்தில் அவர் மனத்திற்கு மிக நெருக்கமாயிருந்தது 'மனநிலைகள்' என்ற நாவல். காதலின்றி மணந்த பெண்ணின் உள்ளப் போராட்டமே அதன் பொருள். பதிப்பாளர் நீளம் அதிகமென்றதால் பத்து அத்தியாயங்களை வெட்டியே 1864 இறுதியில் அது அச்சேறியது. மணவாழ்வு பற்றிய அதன் கருத்துகள் கண்டிக்கப்பட்டன, விற்பனையும் சிறக்கவில்லை. பதினெட்டு ஆண்டு கழித்து, 1882இல், அவர் அந்நாவலைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். முதற்பதிப்பில் இறந்துபோன கதாநாயகி, திருத்திய பதிப்பிற் கணவனோடு இணங்கி உயிர்வாழ்கிறாள். ஓர் எழுத்தாளர் பதினெட்டு ஆண்டு மனத்தில் வைத்திருந்த நூல் எது என்பது அவரது குறிக்கோளுக்கு நல்ல சான்று.

1867 செப்ரெம்பரில் றொபேட்ஸ் பிறதர்ஸ் நிறுவனத்தின் தோமஸ் நைல்ஸ், பெண்பிள்ளைகளுக்கு ஒரு நூல் எழுதுமாறு கேட்டார். ஏறத்தாழ அதே வேளையில் சிறுவர் சஞ்சிகையொன்றின் ஆசிரியப் பொறுப்பும் ஆண்டுக்கு 500 டொலருக்கு வந்தது. சஞ்சிகையை அவர் ஏற்றார், நாவலைத் தள்ளிப்போட்டார். தமக்குத் தம் சகோதரிகளைத் தவிர வேறு பெண்பிள்ளைகளைத் தெரியாது, அவர்களை விரும்பியதுமில்லை என்று நாட்குறிப்பில் எரிச்சலோடு குறித்துள்ளார். தந்தையின் தத்துவ நூலொன்றையும் வெளியிட நைல்ஸ் முன்வந்தமை அவரை இணங்கவைத்த காரணங்களுள் ஒன்று. 1868 மேயில் தொடங்கி யூலையில் முதற்பாகத்தை முடித்தார். முதல் அத்தியாயங்கள் சுவையற்றவை என்று பதிப்பாளர் கருதினார். ஆசிரியரும் அதையே கருதினார். பதிப்பாளரின் உறவுக்காரச் சிறுமியொருத்தி கையெழுத்துப் பிரதியை வாசித்து மகிழ்ந்ததன் பின்னரே நம்பிக்கை பிறந்தது. செப்ரெம்பர் இறுதியில் நூல் வெளிவந்தது. 2,000 பிரதிகள் கொண்ட முதல் அச்சு விரைவில் தீர்ந்தது. பதிப்புரிமையை விற்றுவிடாது தம்மிடமே வைத்துக்கொண்டு விற்பனையில் உரிமைத்தொகை பெறும்படி நைல்ஸ் கூறிய ஆலோசனையை அல்கொற் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். அந்த வீதம் நூற்றுக்கு ஏழுக்கும் சற்றுக் குறைவு. வெளியீட்டாளர் எவ்வளவு பெற்றார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். எனினும் கூலிக்கு எழுதியவர் உடைமைக்காரராக மாறியது இவ்விடத்திலேதான்.

மில்ரன் தன் காவியத்தைப் பட்டுப்பூச்சி பட்டைத் தருவதுபோல் இயல்பின் வெளிப்பாடாகத் தந்தான் என்றும், பதிப்பாளரின் கட்டளைப்படி நூல்களைச் செய்துகொடுக்கும் லைப்சிக் நகரத்து எழுத்துத் தொழிலாளியே மூலதனத்திற்காக உழைப்பவன் என்றும் மார்க்ஸ் ஓரிடத்தில் வேறுபடுத்திக் காட்டுகிறார். பொருளாதார வகைப்பாடு என்ற அளவில் இது சரியானது. இதனை அழகியல் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, கட்டளைக்கு எழுதியது அனைத்தும் கலையன்று என்று கூறுவோர் மார்க்ஸ் சொல்லாததைச் சொல்கின்றனர். 'சிறிய பெண்கள்' கட்டளைக்கு எழுதப்பட்டது. அதன் நூலிழையோ ஆசிரியரின் சொந்த வாழ்விலிருந்து வந்தது.

போரினால் தந்தை வீட்டிலில்லாத ஒரு நத்தார் காலத்தில், பரிசில்லையே என்ற முறைப்பாட்டோடு நாவல் தொடங்குகிறது. நான்கு சகோதரிகளுள் மூத்தவள் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறாள்; இரண்டாமவள் ஜோ பணக்கார மாமியாருக்குத் துணையிருந்து கூலி பெறுகிறாள். பழைய ஆடையைத் திருத்துதல், கையுறையில் கறை, விருந்துக்குச் செல்லச் செருப்பில்லாமை ஆகியன சிறு விடயங்கள்தாம். ஆனால் பணம் இல்லை என்பது ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் நாளாந்த வாழ்வில் எவ்வாறு உணரப்படுகிறது என்பதை அதற்குமுன் இளையோர் நாவலெதுவும் இவ்வளவு துல்லியமாகக் காட்டியதாக நாம் அறியோம். ஜோ தனது முதற் கதையைப் பத்திரிகையில் வெளியிட்டு வீட்டிற்குத் திரும்பும் அத்தியாயத்தில், புகழைக் காட்டிலும் சம்பாதிக்க முடியும் என்ற எண்ணமே அவளை அழவைக்கிறது. அல்ஜரின் பையன் செல்வந்தரின் ஆதரவால் உயர்கிறான். ஜோ தன் உழைப்பின் விலையை அறிந்து உயர்கிறாள்.

முரண்பாடு வெளிப்படும் இடமும் இந்நாவலிலேயே உள்ளது. இரண்டாம் பாகத்தில் ஜோ நியூயோர்க்கிற்குச் சென்று பரபரப்புக் கதைகளை எழுதிப் பணம் பெறுகிறாள். முதிய ஜேர்மன் பேராசிரியர் பேயர் அத்தகைய எழுத்தைக் கண்டித்துரைக்க, அவள் வெட்கமுற்றுக் கதைகளை அடுப்பிலிட்டுவிடுகிறாள். இதனை எழுதிய ஆசிரியையோ அதே வகைக் கதைகளை அண்மைக்காலம்வரை எழுதி வந்தவர், எதையும் எரித்தவரல்லர், அவ்வருவாயாற் கடைக்காரனுக்கும் வைத்தியருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தவர். இளம் வாசகருக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கமும், அவ்வொழுக்கத்தை எழுதியவர் வாழ்ந்த பொருளாதாரமும் இங்கே முகத்துக்கு முகம் நிற்கின்றன. 1875இல் 'எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்' என்ற நாவலிற் சாகசக் கதைகளை அவர் கடிந்துரைத்தபொழுது, ஒலிவர் ஒப்ரிக் சீற்றத்தோடு பதிலெழுதினார். பானாட் யாரென்பது அப்பொழுது தெரிந்திருந்தால் அவருக்கு எவ்வளவு உதவியாயிருந்திருக்கும்!

முதற்பாகம் வெளியானதும் ஜோவுக்கு அயல்வீட்டு லோரியை மணமுடித்துவைக்க வேண்டுமென்று வாசகிகள் கடிதம்மேற் கடிதம் எழுதினர். ஜோவைத் தம்மைப்போலவே மணமாகா எழுத்தாளராக விட்டுவிட அல்கொற் விரும்பினார். பதிப்பாளரும் வாசகரும் அதற்கு இணங்கமாட்டார் என்பதை உணர்ந்து, லோரியைக் கொடுக்காமல் எவரும் எதிர்பாராத பேராசிரியரைக் கொடுத்தார். சந்தையோடு ஓர் எழுத்தாளர் நடத்திய பேரம் இதைவிடத் தெளிவாகப் பதிவான சந்தர்ப்பங்கள் குறைவு. மணமாகும் ஜோ சில காலம் எழுதுவதை ஒத்திவைத்துப் பாடசாலையொன்றை நடத்துகிறாள். நாவலின் இறுதி அத்தியாயத்தில், பிற பாடசாலைகள் ஏற்காத கலப்பினச் சிறுவனொருவன் அங்கு சேர்க்கப்படுகிறான் என்றும், அதனாற் பாடசாலை கெட்டுவிடுமெனச் சிலர் கூறினர் என்றும் ஒரு வாக்கியம் வருகிறது. 1839இல் தந்தையின் பாடசாலை மூடப்பட்ட காரணம் இங்கு ஒரு வாக்கியமாகச் சுருங்கியுள்ளது. உண்மையில் அழிந்த பாடசாலை கற்பனையிற் செழிக்கிறது. ஆயினும் போர்க்காலத்திற் கதை நடக்கும் இந்நாவலில், போரின் காரணமான அடிமைமுறை பற்றி ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. 1863இற் பெரியோருக்குத் துணிந்து எழுதியதை 1868இற் பெண்பிள்ளைகளுக்கு அவர் எழுதவில்லை. ஐரிஷ் குடியேறிகளான தெருப்பிள்ளைகளைப் பாடசாலைச் சிறுமியரின் பரம வைரிகள் எனப் போகிறபோக்கிற் குறிப்பிடும் அத்தியாயத்தில், ஆசிரியை அந்தப் பகையைப் பரிகசிக்கிறாரா பகிர்ந்துகொள்கிறாரா என்பது தெளிவாக இல்லை. வறுமையை உள்ளிருந்து அறிந்தவர், தமக்குக் கீழிருந்த வறியோரை வெளியிலிருந்தே பார்த்தார்.

வெற்றிக்குப் பின் முதற் குறிக்கோள் நிறைவேறியது. 1869இல் குடும்பத்தின் கடன்கள் யாவும் தீர்க்கப்பட்டன. இளைய சகோதரி மே ஐரோப்பாவில் ஓவியம் பயின்றது லூயிசாவின் பணத்தால். மேயின் ஓவியமொன்று 1877இற் பாரிசின் புகழ்பெற்ற கண்காட்சியில் இடம்பெற்றது. மூத்த சகோதரியின் கணவர் 1870 இறுதியில் இறந்த செய்தி உரோமில் எட்டியபொழுது, விதவையையும் இரு பையன்களையும் காப்பதற்கென்றே 'சின்னஞ்சிறு மனிதர்' (1871) நாவலை உடனடியாக எழுதத் தொடங்கினார். 1879இல் மே இறக்க, அவரது கைக்குழந்தையும் மறு ஆண்டு லூயிசாவிடம் வந்துசேர்ந்தது. குறிக்கோள் நிறைவேறிய இடத்தில் நிற்காமல் மேலும் மேலும் கேட்டுக்கொண்டேயிருந்தது.

பெரியோருக்கான நாவலும் முற்றாகக் கைவிடப்படவில்லை. 1861இலேயே தொடங்கப்பட்டுக் கிடந்த 'வேலை' என்ற நாவலை, ஒரு வாரப் பத்திரிகை 3,000 டொலர் கொடுக்க முன்வந்ததும் எடுத்து முடித்தார். அதன் கதாநாயகி வேலைக்காரி, நடிகை, ஆசிரியை, தையற்காரி எனப் பல தொழில்களைக் கடந்து, இறுதியில் உழைக்கும் பெண்களின் கூட்டத்திற் பேசுகிறாள். வெவ்வேறு வர்க்கத்தையும் இனத்தையும் சேர்ந்த பெண்கள் ஒரு மேசையைச் சுற்றிக் கைகோத்திருப்பதோடு கதை முடிகிறது. பத்திரிகைக்கும் பொஸ்ரன் பதிப்புக்கும் இலண்டன் பதிப்புக்குமாக மூன்று பிரதிகளை ஒரே தடவையில் அழுத்தி எழுதியதால் அவரது வலக்கைப் பெருவிரல் மரத்துப்போனது. பின்னர் இடக்கையாலும் எழுதப் பழகினார். உழைப்பைப் பற்றிய நாவல் உழைத்தவரின் கையிலேயே தழும்பை விட்டுச்சென்றது. 1877இற் பெயரில்லா நூல்வரிசையொன்றில் 'ஒரு நவீன மெபிஸ்ரோபிலிஸ்' வெளிவந்தது. பிள்ளைகளுக்கு நீதிக்கஞ்சி காய்ச்சி ஊட்டிச் சலித்த தமக்கு அது மகிழ்ச்சி தந்தது என்னும் கருத்தை அவர் அந்தரங்கமாகக் குறித்துவைத்தார். எழுதியவர் யாரென்று வாசகர் ஊகித்து விளையாடிய அந்நூலில்தான் அவர் தம் பெயரின் சுமையின்றி எழுத முடிந்தது.

இருப்பினும் அந்தக் கஞ்சியை நாம் இகழ்வதற்கில்லை. கடைசி நாவலான 'ஜோவின் பையன்கள்' (1886) ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிலும் கல்லூரியைக் காட்டுகிறது. நான் என்ற பெயருடைய பெண் காதலை மறுத்து மருத்துவராகிறாள். முன்னர் மணம் முடிக்கவேண்டியிருந்த ஜோவுக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைக்கிறது எனக் கூறத் தோன்றும். உண்மையில் இடைப்பட்ட காலம் பதினேழு ஆண்டு. அக்காலத்துள் பெண்களுக்கான கல்லூரிகள் தோன்றியிருந்தன. வாக்குரிமை இயக்கம் வலுப்பெற்றிருந்தது. 1879இல் மசச்சூசெற்ஸ் பாடசாலைக் குழுத் தேர்தல்களில் மட்டும் பெண்களுக்கு வாக்களிக்கும் உரிமையை வழங்கியபொழுது, கொன்கோட்டில் முதலிற் பதிவுசெய்துகொண்ட பெண் அல்கொற்றே. வீடு வீடாகச் சென்று மற்றப் பெண்களையும் பதியச் சொன்னார். 1880 மார்ச்சில் அவரோடு சேர்த்து இருபது பெண்கள் வாக்களித்தனர். இளையோர் நாவல் மாறியது ஆசிரியர் மாறியதால் மட்டுமன்று, எழுதக்கூடியதன் எல்லை விரிந்ததாலுமாகும். அந்நாவலில் ஜோ புகழ்பெற்ற எழுத்தாளராக, கையொப்பம் கேட்டு வருவோரிடமிருந்து ஒளிந்துகொள்கிறாள். முடிவில் ஆசிரியை குறுக்கிட்டு, ஒரு பூகம்பத்தால் அந்தக் கல்லூரியையும் அதிலுள்ளோரையும் மண்ணில் ஆழ்த்திவிடத் தோன்றுகிறது என்று வேடிக்கையாகச் சொல்கிறார். வாசகர் சிரித்திருப்பர்.

அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி நூலின் பதிப்புரிமை 28 ஆண்டு நிலைக்கும். அதன்பின் மேலும் 14 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். ஆசிரியர் இறந்துவிட்டால் அவரது விதவை அல்லது பிள்ளைகளே புதுப்பிக்கும் உரிமையுடையர். ஆசிரியர் ஓர் ஆண் என்றும் குடும்பத் தலைவன் என்றும் எண்ணி எழுதப்பட்ட சட்டம் அது. மணமாகாப் பெண்ணொருத்தி தன் எழுத்தாற் சகோதரியின் பிள்ளைகளைக் காத்துவந்தாள் என்ற நிலைமைக்கு அதில் இடமில்லை. எனவே 1887இல், நோயுற்றிருந்த அல்கொற் தம் சகோதரியின் வளர்ந்துவிட்ட மகனான ஜோன் பிறாற்றைச் சட்டப்படி தமக்கு மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார். 1888 மார்ச் 4ஆம் நாள் தந்தை இறந்தார். அச்செய்தி சென்றடையாத நிலையில் 6ஆம் நாள் அவரும் காலமானார். நூல்களின் வருவாய் குடும்பத்திற்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.